விட்டுப்போன இங்கிலீஷ்

டாக்டருக்குப் படிக்க எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே வழிதான். பன்னிரண்டாவதில் மார்க் வாங்க வேண்டும், நேராக மெடிக்கல் காலேஜில் சேர வேண்டும். அமெரிக்காவில் அப்படி இல்லை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. என் மகள் காலேஜில் சேர்ந்த அன்றைக்கே அவள் டாக்டர் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "ஊசி போடச் சொல்லிக் குடுத்துட்டாங்களா கண்ணு?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அம்மா, ஐ ஹேவன்ட் ஈவன் அப்ளைட்!"

பிறகு அவளே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். இங்கே முதலில் நாலு வருஷம் வேறொரு பட்டம். அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்; சரித்திரம் படித்தவர்கூட டாக்டர் ஆகலாம், சங்கீதம் படித்தவர்கூட ஆகலாம். ஆனால் எந்தப் பட்டம் என்றாலும், நடுவே சில பாடங்களைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும். உயிரியல், வேதியியல், பௌதிகம், கொஞ்சம் கணக்கு, இங்கிலீஷ். அதற்கு அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை எனக்குத் தெரிந்த வழியில்தான் புரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தை மண்டபத்தில் வைக்கலாம், வீட்டு வாசலில் பந்தல் போட்டும் வைக்கலாம். சாப்பாடு அவரவர் வசதி. ஆனால் சில சீர் சடங்குகளை மட்டும் விட முடியாது. ஒன்று விட்டுப்போனாலும் யாராவது ஒரு பெரியம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கேட்டுவிடுவாள். இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு வாங்கிக் குடியிருந்த காலம் அது. என் கணவர் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் என்ஜினீயர். மகள் ஆஸ்டினில் தங்கிப் படித்தாள். அவள் அப்ளை செய்யப் போகும் விஷயம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அது என் கணவர் போட்ட சட்டம்.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்டா அவ்வளவுதான். கெடச்சதுக்கப்பறம் ஊருக்கே சொல்லிக்கலாம்."

இதில் அவர் மட்டும் விசேஷம் இல்லை. கோயிலில் பார்க்கும் எல்லாக் குடும்பமும் இப்படித்தான். "பையன் என்ன படிக்கிறான்?" என்றால், "ஏதோ படிக்கிறான்" என்பார்கள். "பொண்ணு அடுத்து என்ன பண்ணப்போகுது?" என்றால், "அது இஷ்டம்" என்பார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு வரும். அப்போதுதான் அந்தப் பையனுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று ஊருக்குத் தெரியும். எனக்கு இந்த ஏற்பாடு சௌகரியமாகவே இருந்தது. நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. ரகசியம் காப்பது என்று ஒரு காரணம் கிடைத்தால் பேசாமலே இருந்துவிடலாம் அல்லவா.

மூன்றாம் வருஷம், வசந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் கார் ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் கோடையில்தான் அவள் அப்ளை செய்ய வேண்டும். அழுக்குத் துணி மூட்டையைக் கராஜிலேயே போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு, உள்ள வராம இங்கியே உக்காந்துட்ட?"

"நத்திங் மா."

முகம் வீங்கியிருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தேன். ஃப்ரீவேயில் நெரிசல் என்று என் கணவர் நேரம் கழித்துத்தான் வந்தார். அவர் கழுத்து டையைக்கூடக் கழற்றவில்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, யூ டோல்ட் மீ டு ஸ்கிப் இங்கிலீஷ்."

"ஆமா. அதுக்கென்ன அம்மிணி இப்ப?"

"தே வோன்ட் டேக் இட்! அந்த ஸ்கூல்ல எக்ஸாம் கிரெடிட் ஒத்துக்க மாட்டாங்களாம். காலேஜ் கிளாஸ்ல உக்காந்து படிச்சிருக்கணும். ஒன் ஃபுல் இயர்."

நடந்தது இதுதான். இங்கே ஹைஸ்கூலில் படிக்கும்போதே காலேஜ் தரத்தில் ஒரு பரீட்சை எழுதலாம். நல்ல மார்க் வந்தால் காலேஜில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம், படித்ததாகவே சேர்த்துக்கொள்வார்கள். மகள் இங்கிலீஷில் அப்படி எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரு வகுப்பு தாண்டிப் போடுவார்களே, அந்த டபுள் ப்ரமோஷன் கிடைத்த மாதிரி அவருக்கு. "தாண்ட முடிஞ்சதை எவனாச்சும் ஒக்காந்து படிப்பானா?" என்று சொல்லி, இங்கிலீஷை விட்டுவிட்டு இன்னொரு உயிரியல் பாடம் எடுக்க வைத்தார். மெடிக்கல் ஸ்கூல்களில் பலவும் அந்தப் பரீட்சையை ஒத்துக்கொண்டன. மகள் ஆசைப்பட்ட ஸ்கூல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஹூஸ்டனிலேயே இருந்தது. ஹைஸ்கூல் காலத்தில் அதை ஒட்டிய ஆஸ்பத்திரியில் கோடை முழுக்கச் சக்கர நாற்காலி தள்ளியிருக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே அங்கேதான்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவேயில்லை. பேசக் கூடாது என்று இருந்தும் வாய் முந்திக்கொண்டது.

"இங்கிலீஷா? இந்தப் புள்ளைக்கா? தமிழ் பத்தலைன்னு சொன்னாலாச்சும் ஒரு நியாயம் இருக்குது."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கெமிஸ்ட்ரி இல்லைன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். டாக்டர் இங்கிலீஷ்லயா ஆபரேஷன் பண்ணப்போறான்?"

"தட்ஸ் நாட் த பாயின்ட் அப்பா. இந்த வருஷம் அப்ளை பண்ண முடியாது. ஒரு வருஷம் வேஸ்ட். ஃபர்கெட் இட். நான் அப்ளையே பண்ணல. ஐ'ம் டன்."

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் சொல்கிற பெண் இல்லை அவள். என்னைப் போல அமுக்கம். ஒன்றை வேண்டாம் என்று வைத்துவிட்டால் திரும்பி எடுக்க மாட்டாள். எட்டு வயதில் ஒரு தடவை பரதநாட்டியம் வேண்டாம் என்றாள். அந்தச் சலங்கை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

காலேஜில் பாட யோசனை சொல்கிறவர்தான் அவளிடம் இதைச் சொன்னாராம்; அவர் வேறு என்ன சொன்னார் என்று மறுநாள் காலையில் கேட்டேன். "அந்த ஸ்கூல் ஒத்துக்காது" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே தேங்க்ஸ் சொல்லி எழுந்து வந்துவிட்டாளாம். மீதியைக் கேட்கவில்லை.

"அந்த ஸ்கூலுக்கே ஒரு ஃபோன் போட்டுக் கேக்கலாமில்ல?" என்றேன்.

"தே'ல் திங்க் ஐ'ம் ஸ்டுபிட்" என்றாள் மகள்.

"ஆமா, எங்கிட்ட இது இல்லீங்கன்னு நாமளே போயி ஆபீஸ்ல சொல்லுவமா?" என்றார் அவர். "பேரைக் குறிச்சு வெச்சுக்குவான். அப்பறம் அப்ளிகேஷனைப் பார்ப்பானா?"

ஊரில் அவர் சில வருஷம் அரசாங்க வேலையில் இருந்தவர். ஆபீஸில் போய்க் கேள்வி கேட்டவனுடைய ஃபைல் அடியில் போய்விடும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். ஆக, வெளியே யாரையும் கேட்க முடியாது, கண்ணு பட்டுவிடும். ஆபீஸையும் கேட்க முடியாது, பேர் கெட்டுவிடும். ஒரு பெண்ணுடைய ஒரு வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை காலையில் நான் எப்போதும் கோயில் சமையலறையில் காய் நறுக்கப் போவேன். அவர்தான் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். எனக்கு ஓட்டத் தெரியாது. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தவர் சுகர் லேண்ட் என்ற பக்கத்து ஊரிலிருந்து வருகிற அம்மா. போன வருஷம் மைசூர்பாகு கொண்டுவந்தவர் அவர்தான்; அவர் பையன் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்துவிட்டான். மதுரைப் பக்கம். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன், அதுதான் எங்கள் பழக்கம்.

கேட்கலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே நறுக்கினேன். ஒரு முட்டைக்கோஸ் முடிந்தது. இன்னொன்றையும் எடுத்தேன். அவரே சொன்னார்.

"என்னக்கா, இன்னைக்கு இம்புட்டுப் பொடிசா நறுக்குறீங்க? பொரியலா, இல்ல விபூதியா?"

பார்த்தேன். நிஜமாகவே தூளாகத்தான் நறுக்கி வைத்திருந்தேன். அவர் சிரித்ததில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"உங்க பையன்... அவரு இங்கிலீஷ் எடுத்திருந்தாருங்களா?"

அவர் கத்தி நின்றது. என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடி ஆத்தி, உங்க வீட்லயும் இங்கிலீஷா?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் அன்று வெங்காயம் இல்லை.

அவர் பையனுக்கும் இதே கதை. அவனும் பரீட்சை எழுதித் தாண்டியவன், அவன் அப்பாவும் அதே டபுள் ப்ரமோஷன்காரர். இவர்களும் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாசம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்திருக்கிறார்கள்.

"அப்புறம் என்னதாங்க பண்ணுனீங்க?"

"அவென் பொறுக்க மாட்டாம ஃபோனைப் போட்டுட்டான்க்கா. அந்தப் பாடம் அப்ளை பண்ணும்போதே இருக்கணும்னு இல்லையாம். ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி முடிச்சாப் போதுமாம். யாரும் ஒரு பாடம் மட்டும் சேர்ந்து படிக்கலாமாமே, அந்தக் கம்யூனிட்டி காலேஜ்ல கோடைலே போயி முடிச்சான். ஆனா ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க. நான் சொன்னேன்னு இருந்துராதீங்க, உங்க பொண்ணு கேட்டுறட்டும். ஃபோன் எடுக்குற அம்மா திட்டவெல்லாம் மாட்டாங்க."

"இதைப் போன வருஷமே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"நீங்க கேட்டீங்களாக்கும்? உங்க பொண்ணு ஏதோ படிக்குதுன்னுல்ல சொன்னீங்க!"

பொல்லாத பேச்சு. ஆனால் உண்மை. இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். அடுப்படியிலிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காரில் வரும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது.

"சொல்லிட்டியா? யார்கிட்ட? அந்தம்மாகிட்டயா? அது வாயி ரேடியோவாச்சே!"

"அவங்க வீட்லயும் இங்கிலீஷ் விட்டுப்போச்சுதாமுங்க" என்றேன்.

காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பையனுக்குமா?" என்றார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். தான் ஒருத்தர்தான் மகளைக் கெடுத்துவிட்டோம் என்று அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து மனசுக்குள் வைத்து வதங்கியிருக்கிறார். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; ஆனால் ஆபீஸ் திறக்கத் திங்கட்கிழமை ஆக வேண்டும். மகள் ஆஸ்டினுக்குப் போகாமல் தங்கினாள். திங்கட்கிழமை காலையில் சமையலறைச் சுவரில் இருந்த ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினாள், உடனே வைத்துவிட்டாள்.

"அம்மா, நீ பக்கத்துல நில்லு."

நின்றேன். மறுபடி அழுத்தினாள். அவள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியாது. ஃபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போனது. "யெஸ் மேம், யெஸ் மேம்" என்றாள். பிறகு வயர் விரலிலிருந்து தானாக அவிழ்ந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இட்ஸ் ஓகே மா" என்றாள் ஃபோனை வைத்துவிட்டு. "இப்பவே அப்ளை பண்ணலாம். ஜாயின் பண்றதுக்குள்ள முடிச்சா போதும். கம்யூனிட்டி காலேஜும் ஓகேவாம். ஷி வாஸ் ஸோ நைஸ்! தினம் யாராவது இதையே கேக்கறாங்களாம்."

அப்பாவின் ஆபீஸுக்கு ஃபோன் செய்து சொன்னாள். "அப்பா? ஆர் யூ தேர்?" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் வெறும் ரசம்தான் வைத்தேன். அவள் மூன்று நாள் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அந்தக் கோடையில் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பகுதியாக இங்கிலீஷ் படித்தாள். வாத்தியார் அம்மா கண்டிப்பானவர். முதல் கட்டுரையைச் சிவப்பு மையால் குளிப்பாட்டி 'பி' போட்டுக் கொடுத்துவிட்டார்.

"இங்கிலீஷ்ல பி-யா?" என்றார் இவர், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து.

"தாண்டாம உக்காந்து படிச்சா அப்பிடித்தானுங்க" என்றேன் நான். மகள் எனக்குக் கை கொடுத்தாள்.

குளிர்காலம் முடிகிற சமயம் அந்த ஸ்கூலிலிருந்தே இடம் கிடைத்த செய்தி வந்தது. இவர் வீட்டுக்குள் இங்குமங்கும் நடந்தார். சாமி படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு பெரிய மனசு பண்ணுகிற மாதிரி என்னைப் பார்த்து, "சரி, இப்ப வெளிய சொல்லிக்கலாம்" என்றார்.

நான் வாயைத் துணியால் பொத்திக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன் சிரிக்கற?"

"கோயில்ல சமையக்கட்டுல எல்லாருக்கும் பத்து மாசமாத் தெரியுமுங்க. ஒவ்வொரு சனிக்கெழமையும் கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க. அதுல ரெண்டு பேரு வீட்டுல புள்ளைகளை இப்ப இங்கிலீஷ் கிளாஸுக்கு அனுப்பிட்டாங்க."

அவர் மறுபடி சாமி படத்தைப் பார்த்தார். "அப்ப கண்ணு படலியா?" என்றார்.

"எங்கீங்க பட்டுது?" என்று சொல்லிவிட்டு, மைசூர்பாகுக்குக் கடலை மாவு இருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன்.