டம்மி வரிக்காரன்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் தானனா. கடை வரிசையில் நிற்கும்போதும், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லும் வரையிலும் 'தானனா தானனா' என்று எதையாவது முனகிக்கொண்டே இருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

என்ன வேலை என்று கேட்டால் "பாட்டு" என்பான். அதற்கு மேல் கேட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கூரியர் கம்பெனிக்குப் போன் செய்தால் 'காத்திருக்கவும்' என்றதும் கேட்கிறதே, அந்த இசை இவனுடையது. மழலையர் பள்ளி ஒன்றுக்கு இருபது விநாடியில் முடிகிற கைகழுவும் பாட்டு. யாரோ ஒரு பல் டாக்டரம்மாவின் நாய்க்குப் பிறந்தநாள் பாட்டு. வாரம் ஒரு பாட்டு என்று வேறொரு பெயரில் இணையத்தில் போடுவான்; தவறாமல் கேட்பவர்கள் நாற்பத்தொரு பேர், அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று, லிஃப்ட் மெக்கானிக்கான தன் நண்பனோடு சேர்ந்து 'லிஃப்ட் பாட்டுகள்' என ஒரு தொகுப்பு. இத்தனைக்கும் நடுவில் அவனுடைய சொந்த ஆல்பம் பதினோரு வருடமாக முடியப்போகிறது.

"எல்லாமே சைடு வேலைங்கற. அப்ப மெயின் வேலை எது மாப்ள?" என்று மெக்கானிக் ஒருமுறை கேட்டான். தானனா அன்று முழுக்க யோசித்தான். பதில் கிடைக்கவில்லை. பாட்டு ஒன்று கிடைத்தது, அதை அந்த வாரக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

இளவயதில் ஸ்டுடியோக்களில் டிராக் பாடிக்கொண்டிருந்தான். அதாவது, பெரிய பாடகர் வந்து பாடும்வரை அந்த இடத்தில் இவன் குரல் இருக்கும். அவர் வந்து பாடியதும் இவன் குரலை அழித்துவிடுவார்கள். ஆறு வருடம் அப்படி அழிந்த பிறகு, வீட்டின் சாமான் அறையைக் காலி செய்து அங்கேயே பதிவு செய்ய ஆரம்பித்தான். துணி அலமாரியின் கதவைத் திறந்துவைத்து, தொங்குகிற துணிகளுக்குள் மைக்கை நுழைத்து, தலையையும் நுழைத்துப் பாடுவான். துணி எதிரொலியைக் குடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போல இருப்பான்.

அவனுக்கு எப்போதும் மெட்டுதான் முதலில் வரும். வார்த்தை பிறகு. நடுவில் மெட்டைப் பிடித்து வைக்க வாய்க்கு வந்ததைப் பாடுவார்களே, அந்த டம்மி வரிகளைப் பெரும்பாலோர் 'லாலலா' என்று ஒப்பேற்றிவிடுவார்கள். தானனாவுக்கு அந்த நேரத்தில் மட்டும் லாலலா வராது. அன்று வீட்டில் என்ன ஓடுகிறதோ அது வரும். மிக்ஸி ரிப்பேர், மகளின் பரீட்சை, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தும் லட்சணம். பிறகு உட்கார்ந்து நல்ல வார்த்தையாக எழுதி, அதைப் பாடி, டம்மியை ஒதுக்கிவிடுவான். அழிப்பதில்லை. அழிபட்டவன் ஆயிற்றே, கை வரவில்லை. 'குப்பை' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் போட்டுவைப்பான்.

பேசுவதில் ஆள் கல்லுளிமங்கன். அவன் மனைவி ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் வீட்டில் இரண்டு பக்கமும் 'நீ'தான்; அவளுடைய அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை அது பொறுக்காது. மாமனார் இறந்தபோது பன்னிரண்டு நாளும் தானனா நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. "கல்லு மாதிரி இருக்காரே மாப்பிள்ளை" என்று சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இப்போது அவளுக்கு வேறு நகரத்தில், குழந்தைகளுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு வந்திருந்தது. இரண்டு வருடம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் ஏற்கெனவே கல்லூரி விடுதியில். அவளும் போனால் வீட்டில் இவனும் அலமாரியும்தான். விஷயத்தை அவள் சொன்னபோது "ம்" என்றான். அந்த 'ம்' சம்மதமா, கோபமா, சும்மா தொண்டையா என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்கு அப்புறம் ஒன்பது நாள் சாப்பாடு, சாவி, கதவு என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அதே நேரத்தில்தான் அவளுடைய மருத்துவமனையில் தலைமை நர்ஸம்மாவுக்குப் பணி ஓய்வு விழா வந்தது. வரவேற்பில் உட்காரும் பெண் தானனாவைக் கூப்பிட்டு, "சார், நர்ஸம்மாவுக்கு ஒரு பாட்டு போட்டுக் குடுங்க" என்றாள். மெட்டு ஒரே மூச்சில் வந்துவிட்டது. டம்மி பாடினான். வாத்தியங்களை அந்தக் குரலோடு சேர்த்துச் சமன்செய்து, 'நர்ஸம்மா இறுதி இதுதான்' என்று பெயரிட்டான். மறுநாள் 'சேவையின் சிகரமே, செவிலியர் திலகமே' என்று முறையாக எழுதிப் பாடி, அதற்கு 'நர்ஸம்மா இறுதி சத்தியமா இதுதான்' என்று பெயரிட்டான். இசைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. இறுதி என்று எழுதிய பிறகுதான் வேலையே ஆரம்பமாகும்.

புதன்கிழமை பகல் விழா. அனுப்ப மறந்துபோய் ஒரு லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தான். மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்கு லிஃப்டை நிறுத்திவைத்திருந்தான். மேலே ஐந்தாம் மாடிக்காரர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேற்புப் பெண் போன் மேல் போன். போனின் சின்னத் திரையில் நீளப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, இரண்டு கோப்பும் 'நர்ஸம்மா இறுதி' என்றே தெரிந்தன. மேலே இருந்ததைத் தொட்டு அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தான்.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். "சார், என்ன பாட்டு சார் அது! எல்லாரும் அழுதுட்டாங்க."

தானனாவுக்கு உச்சி குளிர்ந்தது. "அந்த 'சேவையின் சிகரமே'ங்கற இடத்துலயா?"

"அப்படி ஒண்ணும் வரலையே சார். குழாய் வரிக்குத்தான் செம கைத்தட்டு. மூணாவது வார்டு குழாய் நாலு மாசமா ஒழுகுது. உங்களுக்கு யார் சொன்னாங்க? மேலதிகாரி தலையைத் தொங்கப் போட்டுட்டாரு. ஆனா கடைசி வரிக்கு நர்ஸம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே, 'கடைசில போன்னு துரத்திட்டீங்களேடி'ன்னு சிரிச்சாங்க பாருங்க, அப்பத்தான் எல்லாருமே உடைஞ்சுட்டோம்."

அவன் அப்படியே லிஃப்ட் குழியின் தரையில் உட்கார்ந்துவிட்டான். துணிக்குள் தலையை விட்டு அன்று பாடியது ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது.

குழாய் ஒழுகி நாளாச்சு
ப்ளம்பர் போனை எடுக்கல
இருன்னு சொல்ல வாயில்ல
போன்னு சொல்ல மனசில்ல
பெட்டி இன்னும் திறக்கல
சரி சரி சரி போ

"என்ன மாப்ள, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?" என்றான் மெக்கானிக்.

"தப்பான ஃபைலை அனுப்பிட்டேன் மச்சான்."

"கேட்டவங்க திட்டினாங்களா?"

"அழுதாங்களாம்."

"அப்புறம் என்னடா உனக்கு?"

"அந்த ஹால்ல அவ இருந்திருப்பா."

மெக்கானிக் கை கொடுத்து அவனைக் குழியிலிருந்து வெளியே ஏற்றினான். மேலே போய் லிஃப்டை ஓடவிட்டான்.

மாலை ஆறு மணிக்கு அவள் வந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள். தானனா சமையலறையில் ஒழுகுகிற குழாயை ஸ்பேனர் வைத்து இறுக்குவது போல பாவனை செய்துகொண்டிருந்தான். அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நேராகச் சாமான் அறைக்குப் போய் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"என்னது?"

"நடிக்காத. நிஜப் பாட்டுக்கு முன்னாடி பாடுறியே, அது."

அவன் 'குப்பை'யைத் திறந்து காட்டினான். ஆயிரத்துச் சொச்சம். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அவன் வாசல்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சில இடங்களில் சிரித்தாள். ஒரு இடத்தில், "அடப்பாவி, எங்கம்மாவைப் பத்திப் பாடியிருக்க" என்றாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கோப்பில் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் பார்த்தான். பற்பசை விளம்பரத்துக்குப் போட்டது, துள்ளலான மெட்டு. மாமனார் இறந்த மாதம்.

செருப்பு ரெண்டும் வாசல்ல
மாமா மட்டும் வீட்டுல இல்ல
யாரைக் கேட்டு உக்கார்றது
அவரு நாற்காலில

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அழுதாள். அவனுக்குப் போய்த் தொடத் தைரியம் வரவில்லை.

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. மூணு வருஷமா நீ கல்லுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"பேசினா வர மாட்டேங்குது. துணிக்குள்ள தலையை விட்டாத்தான் வருது."

"அது என் துணி. நான் இங்கதான் இருக்கேன்."

அவளே தொடர்ந்தாள். "நான் ஏன் உன்னைத் திரும்பக் கேக்கலை தெரியுமா? நீ இருன்னு சொன்னா இருந்துடுவேன். அந்த பயம். போன்னு சொன்னா, இவ்ளோதானான்னு இருக்கும். ரெண்டும் வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"எனக்குப் பயமா இருக்கு," என்றான் தானனா. மெட்டில்லாமல்தான் சொன்னான். "இந்த வீட்டுல தனியா இருக்க பயமா இருக்கு. ஆனா அந்தப் புள்ளைங்களுக்கு நீ செய்ய வேண்டியது இருக்கு. நீ போகணும்."

அவள் திரையைக் காட்டி, "இன்னைக்குப் பாட்டோட கடைசி வரியைப் போடு" என்றாள்.

போட்டான். சரி சரி சரி போ.

"ஹால்ல எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரலை, கோவம்தான் வந்துச்சு. வீட்டை விட்டுக் கிளம்புற மனுஷிகிட்ட யாராவது வெறும் 'போ'ன்னு சொல்வாங்களா? போயிட்டு வான்னு சொல்ல மாட்டியா?"

"சொல்லத்தான் நினைச்சேன்," என்றான், உண்மையாகவே. "அங்க இடமில்ல. ஒரே அட்சரம்தான் இருக்கு. போயிட்டு வான்னா நாலு. தாளத்தைத் தாண்டிடும்."

"அப்ப மெட்டை மாத்து."

சொல்லிவிட்டு எழுந்து கூடத்துக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து பதில் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கதவை மூடவில்லை. தானனா வார்த்தைக்காக மெட்டை மாற்றியவனே இல்லை. வார்த்தையைத்தான் வெட்டுவான், நீட்டுவான், வேறு போடுவான். இப்போது அந்த வரியை வைத்துக்கொண்டு திணறினான். மூன்று 'சரி'யை இரண்டாக்கினான், வாயில் இடித்தது. அரை ஆவர்த்தனம் நீட்டினான், இழுத்தது. ஒவ்வொரு முறை பாடும்போதும் கூடத்திலிருந்து "ஊஹூம்" என்று குரல் வந்தது.

ஏழரை மணி சுமாருக்கு 'சரி'யையே தூக்கிவிட்டான். மெட்டு அந்த இடத்தில் தானாக இறங்கி நின்றது. அலமாரிப் பக்கம் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கதவைப் பார்த்துப் பாடினான்.

"போயிட்டு வா."

கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. கடிதத்தை அனுப்புகிற அந்த ஒற்றைத் தட்டல் கேட்டது. பிறகு அவள் சொன்னாள், "போயிட்டு வரேன்."