மஞ்சள் துப்பட்டாவும் ஒரு போர் விமானமும்

கடந்த பதினான்காம் தேதி, ஞாயிறு, மாலை நான்கரை மணி. ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஹாலில், என் தோழி செல்வி தன் ஓவியத்தின் மேலிருந்த துணியை விலக்கினாள்.

செல்வியை உங்களுக்கு முன்பே அறிமுகம் செய்திருக்கிறேன் — ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு. அப்பாவுக்கு டாங்கி தொழிற்சாலையில் வேலை. இது அவளுடைய முதல் ஆர்டர். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் போர் விமானம் ஓட்டிய ஒருவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகள் தரும் பிறந்தநாள் பரிசு.

இவ்வகை ஓவியங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். விமானம் துல்லியமாக இருக்கும். ஆணிக்கு ஆணி வெயில் மின்னும். தரை, கலங்கிய பச்சையாக ஓடும். பார்க்கும் நாம் எங்கே இருக்கிறோம்? ஆகாயத்தில் — பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானியைப் போல. கீழே நிற்பவரின் இடத்தில் நம்மை யாரும் நிறுத்துவதில்லை.

செல்வி நிறுத்தினாள். கோதுமை வயலின் வரப்பில் ஒரு பெண். மஞ்சள் துப்பட்டா பறக்க, முகத்தை உயர்த்தி...

அந்தப் பெண் நான்தான்.

எங்கள் பக்கம் போர் விமானங்கள் அவ்வளவு தாழப் பறப்பதில்லை. எனவே அந்த வேகத்துக்கும் காற்றுக்கும் வேப்பம்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவோம். நிற்காத எக்ஸ்பிரஸ் கடக்கும்போது நான் பிளாட்பாரத்தில் நிற்பேன், அவள் வரைவாள். முதலில் ஒரு நிசப்தம், பிறகு காற்று. ரயில் போன பின்னும், பெயர் தெரியாத ஏதோ ஒரு வயலில் நான் நின்றுகொண்டிருப்பேன். டீக்கடை அண்ணன் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார். "டெய்லி வந்துகினு கீறீங்க, ஒண்ணுலயும் ஏற மாட்டேன்றீங்க. இன்னாம்மா, எந்த ரயிலும் புடிக்கலியா?"

அந்த ஞாயிறு, தன் வீட்டு ஹாலில், விமானி சார் நெடுநேரம் ஓவியத்தைப் பார்த்தார். ரேடாருக்குத் தப்ப மரங்களின் உயரத்திலேயே பறந்ததையும், ரயில்வே யார்டு கண்ணில் பட்டதும் குண்டுகளை விடுவித்ததையும் நிதானமாகச் சொன்னார். அவ்வளவு தாழ்வில் விமானமும் அதன் நிழலும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளுமாம். நிழல் சரியாக வந்திருக்கிறது என்றார். செல்வியின் முகம் மலர்ந்தது.

"இந்தப் பொண்ணை மட்டும் எடுத்துடும்மா. அங்க யாரும் இல்ல."

"எப்படி சார் தெரியும்?"

"அந்த ஸ்பீடுல கீழ எதுவுமே தெரியாது."

யாரும் இல்லை என்பதும் எதுவும் தெரியாது என்பதும் ஒன்றா? கேள்வி நாக்கு வரை வந்தது. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல, காபியைக் குடித்தேன்.

அந்தப் பெண் இருந்தால் ஓவியம் வேண்டாம் என்று, மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில், மடியில் ஓவியத்தோடு செல்வி சொன்னாள்: "உன்ன அழிச்சா அது என் படமே இல்லடி. அழிக்கலன்னா அவர் வாங்க மாட்டார். எனக்கு ஆர்டர் வந்திருக்குன்னு எங்கப்பா குவார்ட்டர்ஸ் லைன் ஃபுல்லா சொல்லி வெச்சிருக்காரு."

பூந்தமல்லியின் கடை விளக்குகள் ஜன்னலில் கோடுகளாக நீண்டு கரைந்தன. ஓடுகிறவருக்கு, நிற்கிறவர் எவ்வளவு தெரிவார்?

மறுநாள் காலை துப்பட்டாவைச் செல்விக்குப் போர்த்தி, வேப்பம்பட்டு பிளாட்பாரத்தில் நிற்கச் சொன்னேன். நான் ஆவடியில், வேப்பம்பட்டில் நிற்காத ஃபாஸ்ட் லோக்கலில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தேன்.

திருநின்றவூர் பின்னால் போயிற்று. புல், சுவர், வானம் எல்லாம் குழைந்து ஒரே நீரோட்டமாயின. டீக்கடை ஒரு கீற்று. பெஞ்சு ஒரு கீற்று. பிறகு — மஞ்சள்.

முகம் இல்லை. ஆணா, பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால், யாரோ இருந்தார்கள்.

"தெரிஞ்சேனா?" போனில் செல்வி.

"முகம் தெரியல. மஞ்சள் தெரிஞ்சுது."

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் என் முகத்தை அவள் வயலின் பச்சையால் மூடினாள். கைகளையும். ஒரு மஞ்சள் தீற்றல் மட்டும் எஞ்சியது. நான் மறைவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன், விநோதமாக, வருத்தமில்லை. அதைப் போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அவரே அழைத்தார். செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அன்னிக்கு மஞ்சள் இல்லம்மா," என்றார். "வெள்ளை."

வெள்ளை டியூபின் மூடியைத் திறந்து, செல்வியிடம் நீட்டினேன்.