பன்னிரண்டு சிவப்புச் சேர்ட்டுகள்

பதுளை பஸாரில் ஸாஹிர் நானாவின் தையல் கடைக்குப் போனால், "கோல்ப் விளையாட்டை உலகத்தில் பரப்பினது யார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன மாதம் ஒரு இன்சூரன்ஸ்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, மொனராகலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டார். பாவம், அன்றிரவு நானா வீட்டில்தான் இடியப்பம் சாப்பிட்டுப் படுத்தார்.

இத்தனைக்கும் நானா தன் அறுபத்தொரு வயதில் ஒரு தடவைகூட கோல்ப் மட்டையைத் தொட்டதில்லை. தொட ஆசையும் இல்லை. ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்துத் தொலைத்துவிட்டு, அதையே தேடிக்கொண்டு போவதற்கு ஒரு படித்த மனிதனுக்கு என்ன தலையெழுத்து என்பது அவருடைய கேள்வி. ஆனால் பசறை வீதியில், தேயிலை மலைக்கு நடுவே, வெள்ளைக்காரன் காலத்து ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து ஒரு கிளப். தோட்டத்துத் துரைமார், டொக்டர், வழக்கறிஞர், வங்கி மனேஜர் என்று பன்னிரண்டு பேர் அங்கே ஆடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணி வெட்டுவது ஸாஹிர் நானா. ஊரெல்லாம் ரெடிமேட் கடைக்குப் போய்விட்ட பிறகு, அவருடைய தையல் மெஷின் ஓடுவதே அந்தக் கிளப்பால்தான். கிளப் கைவிட்டால் கடைக்குப் பூட்டுத்தான்.

"பேப்பர்காரன் ஜெயிச்ச கிண்ணத்த எண்ணுவான். நான் துணிய எண்ணுவேன்" என்பார் நானா. "எந்த ஆட்டக்காரனப் பாத்து பதுளைல ஒரு மனிசன் உடுப்புத் தைக்க வாறானோ, அவன்தான் ஆட்டத்தப் பரப்பினவன். மத்ததெல்லாம் சும்மா கத."

இந்த அளவுகோலை வைத்து அவர் உலகப் புகழ்பெற்றவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி அளந்திருக்கிறார். ஆர்னல்ட் பாமர் அவருடைய வாப்பா காலத்து ஆள். அமெரிக்காவில் டிவி வந்த புதிதில் சனம் அந்த மனிதரைப் பார்த்துத்தான் ஆட்டத்தின் மேல் பைத்தியமாகியது என்று துரைமார் சொல்லக் கேட்டிருக்கிறார். பாமர் ஆடும்போது அடிக்கடி களிசானை மேலே இழுத்துவிடுவார் என்பதையும் கேட்டிருக்கிறார். "ஆள் கெட்டிக்காரன். ஆனா டெய்லர் சரியில்ல. இடுப்பு ஒரு அங்குலம் கூட" என்பது நானாவின் தீர்ப்பு.

கேரி பிளேயர் தென்னாப்பிரிக்காக்காரர், உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடுத்துவதில் பேர் போனவர். அவரைப் பார்த்து ஒரு துரை கறுப்புக் களிசானும் கறுப்புச் சேர்ட்டும் தைத்துப் போட்டார். மலையில் போகிற வருகிற சனமெல்லாம் "யாருங்க தொர தவறிட்டாங்க?" என்று துக்கம் கேட்டதில், ஒரே வாரத்தில் அதை வேலைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். பெய்ன் ஸ்டூவர்ட் மாதிரி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுகிற களிசானை ஒரு வங்கி மனேஜர் ஆசைப்பட்டுத் தைத்தார். தொழிலாளர் லயத்து நாய்கள் ஒன்று பாக்கியில்லாமல் துரத்தின. ஜாக் நிக்லஸ் பதினெட்டுப் பெரிய பட்டங்களை வென்றவர் என்று சத்தியம் செய்து சொன்னாலும் நானா மசியமாட்டார். அவரைப் பார்த்து பதுளையில் ஒரு பொத்தான்கூட யாரும் தைக்கவில்லையாம்.

ஆக, மிஞ்சியது டைகர் வூட்ஸ். அதை நானா எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் கதை.

அதற்கு முன் அவருடைய வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்து வருடத்துக்கு முன் ஒரு பெரிய துரையின் இடுப்பு நாற்பத்துநாலு ஆகிவிட்டதை, இறைச்சிக் கடையில் நின்றுகொண்டு நானா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு நாற்பத்துநாலைக் காட்டினாலே ஒரே சிரிப்பு. துரை அதற்குப் பிறகு கடை வாசலை மிதிக்கவில்லை. அவருடைய இரண்டு மச்சான்மாரும் மிதிக்கவில்லை. அன்றைக்கு நானா மனைவி முஷ்ரிபாவின் முன்னால் சத்தியம் செய்தார். வெட்டுகிற மேசையில் கேட்டது அமானிதம். நம்பிக் கொடுத்த பொருள் மாதிரி. உயிர் போனாலும் வெளியே போகாது.

இந்த வருடம் கிளப்பின் பெரிய போட்டி சனி, ஞாயிறு இரண்டு நாள். அதற்கு மூன்று வாரம் முன்னால் டொக்டர் இளையதம்பி கடைக்கு வந்து, கண்ணாடிக் கதவைத் தானே சாத்தினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியும் பேச்சு மட்டும் பருத்தித்துறையை விட்டு நகரவில்லை.

"ஸாஹிர், உம்மட்ட மட்டும்தான் சொல்லுறன். எனக்கொரு சிவப்புச் சேர்ட் வேணும், ஞாயிற்றுக்கிழமைக்கு. டைகர் வூட்ஸ் கடைசி நாளிலை சிவப்புத்தான் போடுறவர். தாய்க்காரி சொன்னவ, அதுதான் உனக்குப் பலம் எண்டு. ஒருத்தரும் யோசிச்சிருக்க மாட்டினம். ஆருக்கும் மூச்சு விடப்படாது, விளங்கிச்சோ?"

"அமானிதம், டொக்டர்" என்றார் நானா.

மறுநாள் கிளப் செயலாளர், வழக்கறிஞர் நப்ரீஸ் வந்தார். கதவைச் சாத்தினார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே சிவப்பு. "நானா, இது ஒங்களுக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியணும்" என்றார். மூன்றாம் நாள் தெமோதரைப் பக்கத்துத் துரை. நான்காம் நாள் இரண்டு பேர், ஒருவர் முன்வாசலாலும் ஒருவர் பின்வாசலாலும்.

நானா வாயைத் திறக்காமல் தப்ப வழி தேடினார். "மெரூன் நல்லா எடுக்கும், தொர" என்றார். "ஒங்க நெறத்துக்கு நீலம் போட்டா ராஜா மாதிரி இருப்பீங்க. ஸ்பெயின் ஆட்டக்காரர் செவே ஞாயித்துக்கெழம நீலம்தான் போடுவாராம்" என்றார். மாதக்கணக்கில் பழித்த கேரி பிளேயரின் கறுப்பைக்கூட வாய் கூசாமல் புகழ்ந்தார். ஊஹூம். எல்லாருக்கும் சிவப்புத்தான், அதுவும் தனக்கு மட்டும்தான்.

சிவப்புத் துணி தீர்ந்துபோய் பண்டாரவளைக்குப் போனபோது, துணிக்கடை புஹாரி வாய்விட்டுச் சிரித்தார். "என்ன நானா, மே தின ஊர்வலமா? நீங்க எப்ப கட்சில சேந்தீங்க?"

வீட்டில் முஷ்ரிபாவுக்குப் பொத்தான் தைக்கிற வேலை. எட்டாவது சேர்ட்டில் ஊசியைக் கீழே வைத்தார். "அளவப் பாத்தாலே ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் ஒரே கலர்ல வந்து நின்டா ஒங்களத்தான் தோலுரிப்பாங்க. போய்ச் சொல்லிருங்க."

"சொல்ல ஏலாது. சத்தியம்."

"வாய மூட வேண்டிய நேரத்துல தொறந்தீங்க. தொறக்க வேண்டிய நேரத்துல பூட்டுப் போடுறீங்க. ஒங்களோட நான் பட்ட பாடு!" என்று சொல்லிவிட்டு முஷ்ரிபா ஒன்பதாவதை எடுத்தார்.

ஞாயிறு காலை நானாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. பசறை பஸ் ஏறி மைதானத்து வேலியோரம் போய் நின்றார். வருவது வரட்டும், கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்தார்.

முதல் ஜீப்பிலிருந்து ஒரு சிவப்பு இறங்கியது. இரண்டாவதிலிருந்து இன்னொன்று. இறங்கியவர் இறங்கியவரைப் பார்த்தார். டொக்டர் இளையதம்பி காரின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார், பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு பேரும் இரும்பு மட்டைகளோடு புல்வெளியில் நின்றார்கள். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கருப்பம்மா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியேய், இங்க வந்து பாருங்கடி! தொரமாரெல்லாம் சங்கத்துல சேந்துட்டாங்க! கையில கம்பு வேற வச்சிருக்காங்க, சம்பளம் கேக்கப் போறாங்க போல!"

மலையே சிரித்தது. கங்காணியும் சிரித்தான்.

ஆட்டம் தொடங்கியதும் இன்னும் மோசம். பந்து தேயிலைக்குள் விழுந்தால் பார்த்துச் சொல்வது அந்தப் பெண்கள்தான். வழக்கமாக, "நீலச் சட்ட தொர, ஒங்க பந்து இங்க கெடக்குதுங்க!" என்று கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கருப்பம்மா, "செவப்புச் சட்ட தொர!" என்று கூப்பிட்டாள். பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். பன்னிரண்டு பேரும் மலையேறினார்கள். ஐந்தாம் குழிக்கு வரும்போது யார் பந்தை யார் அடிக்கிறார்கள் என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். ஏழாம் குழியில் போட்டியை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் நப்ரீஸின் கண் வேலியோரம் போனது. "இந்தா நிக்கிறார்!"

பன்னிரண்டு பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நானா?" என்று நப்ரீஸ் கத்தினார். "ஊர் சிரிக்குது!"

"சொல்லாதன்னு நீங்கதானே சொன்னீங்க. பன்னெண்டு பேரும் சொன்னீங்க. நான் யாருக்குச் சொல்ல? வூட்ஸ் ஒருக்கா பன்னெண்டு அடி வித்தியாசத்துல ஜெயிச்சாராமே. இங்க பன்னெண்டு சேர்ட் வித்தியாசத்துல ஜெயிச்சிட்டார், அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம். வாய் கொழுப்புத்தான், வேறென்ன. ஒருவரும் சிரிக்கவில்லை. ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நானா பஸ்ஸில் வந்தார்.

திங்கள் கடைக்கு யாரும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தைத்து வைத்த களிசான்களைக்கூட எடுக்க ஆளில்லை. நானா மெஷினுக்கு எண்ணெய் விட்டார், துடைத்தார், திரும்பவும் எண்ணெய் விட்டார். கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று முஷ்ரிபா கேட்டபோது, அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடக் கடை அல்லவா!

மூன்றாம் வாரம் புதன்கிழமை கண்ணாடிக் கதவு திறந்தது. டொக்டர் இளையதம்பி. கையில் ஒரு பை. நானா எழுந்து ஓடிப்போய் அவர் உட்காரக் கதிரையைத் துடைத்தார். பழைய வாடிக்கையாளர்களில் திரும்பி வந்த முதல் ஆள்!

டொக்டர் கதவைச் சாத்தினார். பையிலிருந்து நாலு களிசானை எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் இடுப்பிலை பிடிச்சுச் சின்னதாக்கவேணும், ஸாஹிர்."

நானா டேப்பைச் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். மூன்று அங்குலம் குறைந்திருந்தது. சிவப்புச் சேர்ட்டைத் திரும்ப அளக்காமல் பழைய அளவுக்கே வெட்டியது நினைவுக்கு வந்தது. 'என்ன டொக்டர், சாப்பாட்டக் கொறச்சிட்டீங்களா?' என்று வாய் வரை வந்த பகிடியை விழுங்கிக்கொண்டார்.

"மகரகமைக்குப் போகவேணும்" என்றார் டொக்டர், சுவரைப் பார்த்தபடி. மகரகம என்றால் இலங்கையில் எவருக்கும் விளங்கும். புற்றுநோய் ஆஸ்பத்திரி. "என்ரை மனுசி சரோஜினிக்குத் தெரியாது. களிசான் தொளதொளவெண்டு நிண்டால் கண்டுபிடிச்சுப்போடுவா. நீர் பிடிச்சுத் தந்தால் இன்னும் ரெண்டு மாசம் சமாளிக்கலாம். பன்னிரண்டு பேற்றை ரகசியத்தைக் காப்பாத்தின மனுசன் நீர். இந்தப் பதுளையிலை உம்மைவிட்டால் எனக்கு வேறை ஆள் இல்லை."

இரண்டு வாரமாக நானா ஏங்கிக்கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். தலையை ஆட்டினால் போதும். டொக்டர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள், கடை பிழைத்துவிடும். அவர் டேப்பைச் சுருட்டினார், விரித்தார், திரும்பச் சுருட்டினார்.

"ஏலாது, டொக்டர்."

"என்ன?"

"இத நான் வச்சிருக்க மாட்டேன். நீங்க போய் சரோஜினி டீச்சர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு வந்தாத்தான் கத்தரிக்கோல எடுப்பேன். கோவம்னா களிசான எடுத்துட்டுப் போங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அது வேற. ஆனா டீச்சருக்குத் தெரியாம இத மறைக்க என்ட ஊசி ஓடாது."

டொக்டரின் முகம் சிவந்தது. எழுந்து போனார். களிசான்கள் மேசையிலேயே கிடந்தன. நானா அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை. முஷ்ரிபா ஏன் என்று கேட்டார். அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து நானா கடையைத் திறந்தபோது வாசலில் சரோஜினி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன, குரல் மட்டும் வகுப்பெடுக்கிற மாதிரி உறுதியாக இருந்தது.

"அந்த நாலு களிசானும் எங்கை, நானா?"

எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ஒன்றைப் புரட்டி, உள்பக்கத் தையலைப் பார்த்தார்.

"பிடிச்சு விடுங்கோ. ஆனால் துணியை வெட்டிப்போடாதையுங்கோ. உள்ளுக்கு மடிச்சு விடுங்கோ. மனுசன் திரும்ப உடம்பு வைக்கேக்கை அவிட்டு விடவேணும்."

"வெட்டமாட்டேன் டீச்சர்" என்றார் நானா. "தையலப் பெரிசாப் போடுறேன். ஒரு இழு இழுத்தா வந்துரும்."