சிவப்பு நூல் கட்டிய வாளி

என் நாத்தனாருக்குப் பிடித்தவை மூன்று: கொதிநீர், வெள்ளைத் துணி, இறுக்கமான மூடி. மற்றதெல்லாம் அவருக்கு அருவருப்பு. கதவை முழங்கையால் தள்ளித் திறப்பார். பேருந்தில் கம்பியைத் தொட மாட்டார். இரண்டு முறை விழுந்திருக்கிறார். விழுந்ததைவிட, முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதுதான் அவருக்கு வருத்தம். எங்கள் வீட்டுக்கு வந்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணவரின் அக்காவாயிற்றே, என்ன செய்வது.

வேலையும் அப்படி. ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் முப்பத்தொரு வருடம். ரத்தமும் சதையும் ஒட்டிய கத்தரிகள் ஒரு சன்னல் வழியாக உள்ளே வரும். நீராவிப் பெட்டியில் வெந்து, பொட்டலமாகி, மறு சன்னல் வழியாக வெளியே போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவார்: என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், யார் பொறுப்பு. ஒரு நாள் பெரிய டாக்டரே சன்னலில் நின்று அவசரம் என்று கத்தியும், நிமிடம் ஆகவில்லை என்று இவர் கொடுக்கவில்லை. "சீட்டுல பொய் எழுதச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி ஓரத்தில் யாரும் நடாத தக்காளிச் செடிகள் மண்டிக் கிடக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று தொட்டி கழுவுகிறவர் ஒரு நாள் விளக்கிவிட்டார். மனிதர் தின்ற தக்காளியின் விதை வயிற்றில் சாகாதாம். உள்ளே போனது போலவே வெளியே வந்து முளைக்குமாம். அன்றிலிருந்து வேகாத தக்காளி என் நாத்தனார் வாயில் படவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம் என் சமையலறை டப்பாக்களை எல்லாம் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார். நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள் நெளிந்து போயின. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு விதைப் பண்ணையின் அறிவிப்பு கண்ணில் பட்டது: "விதைகளைச் சுத்தம் செய்யத் தன்னார்வலர்கள் தேவை." சுத்தம் என்ற சொல்லைப் படித்ததும் நாத்தனார் கிளம்பிவிட்டார். சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போக பெட்ரோல் வீண் என்று நானும் அங்கேயே களை பிடுங்கினேன்.

பண்ணையை ஆரம்பித்தவருக்கு மார்பு வரை தாடி. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தாடி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். காலில் செருப்பு கிடையாது, நகத்துக்குள் எப்போதும் எரு. அந்தக் கையாலேயே பழத்தை அரிந்து ஆளுக்கு ஒரு துண்டு நீட்டுவார். எல்லோருக்கும் ஒரே குவளைதான். "மண்ணுக்குக் கிருமி கிடையாதுங்க. மனசுலதான் கிருமி," என்பார். மண்வெட்டியை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. யாராவது படம் எடுத்தால் தூக்குவார். என் நாத்தனாரை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு "சிஸ்டர்" என்றே கூப்பிடுவார், எத்தனை முறை திருத்தினாலும்.

முதல் நாளே நாத்தனார் வாந்தி எடுத்தார். தக்காளி விதையைச் சுற்றி ஒரு வழவழப்பான சவ்வு உண்டு. அது போக வேண்டுமானால் விதையைச் சாறோடு ஜாடியில் போட்டு மூன்று நாள் அழுக விட வேண்டும். மேலே வெள்ளையாகப் பூசணம் படர்ந்து, செத்த எலி போல நாறும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும். அப்படிப் பதினெட்டு ஜாடிகள் வரிசையாக நின்றன. நாத்தனார் ஒன்றைத் திறந்தார், மூடினார், வெளியே ஓடினார்.

"பரவாயில்ல சிஸ்டர், அதுவும் எருதான்," என்றார் தாடி.

இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை முகத்துக்கு இரண்டு துணி கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "அழுக வெச்சு சுத்தம் பண்றாங்க, கர்மம்," என்றார். "அதையாச்சும் ஒழுங்கா பண்றாங்களா? எந்த ஜாடி என்னைக்குப் போட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியல." மூன்று மாதத்தில் அந்த விதை அறை மருத்துவமனை அறையாகிவிட்டது. ஜாடிக்கு ஜாடி சீட்டு. விதைக்காக விட்ட பழத்தின் காம்பில் சிவப்பு நூல். நூல் கட்டியதை யாரும் பறிக்கக் கூடாது, தொடவும் கூடாது. தாடியே அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டினார்.

அப்போதுதான் வேறொரு பண்ணையிலிருந்து ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே வரித்தக்காளி என்ற ஒரு வகையின் விதை ஒன்பது. கூடவே ஒரு வரி: "எங்கள் செடிகள் வெள்ளத்தில் போய்விட்டன. இது தவறினால் எங்களிடமும் இல்லை." உறை நாத்தனார் கையில் வந்தது. அன்று ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் எதுவும் உயிரோட இருக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வேலை செஞ்சேன். இது ஒண்ணையாவது உயிரோட ஒப்படைக்கணும்." அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒன்பதில் மூன்று முளைத்தன. இரண்டை வாடல் நோய் கொண்டுபோயிற்று. மிச்சமிருந்த ஒன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். ஒரே ஒரு பழம் நின்றது, எலுமிச்சை அளவு, மஞ்சளில் சிவப்புக் கோடு. சிவப்பு நூல் கட்டினார். பழம் பழுத்த வாரம் செடியும் வாட ஆரம்பித்தது. சேதி கேட்டு வியாழக்கிழமையே போய்ப் பறித்து, இன்னும் இரண்டு நாள் கனியட்டும் என்று நூலோடு விதை அறை மேசையில் வைத்து, சனிக்கிழமை விதை எடுப்பதாக எழுதிவைத்தார்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது பார்வையாளர்கள் முப்பது பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் தாடி. "அழிவின் விளிம்புல இருந்து நாம காப்பாத்துன சுவை இது," என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்ததைக் கடித்தார். இரண்டாவது கடியில் பழம் முடிந்தது. சாறு தாடியில் வழிந்தது. கைதட்டினார்கள். சிவப்பு நூல் அவர் காலடியில் கிடந்தது.

நாத்தனார் நேராக வட்டத்துக்குள் போனார். "நூல் இருந்துச்சே?"

"விதை எடுத்தாச்சுன்னு நெனச்சேன் சிஸ்டர். மேசை மேலதானே இருந்துச்சு?"

"விதை எடுத்த பழம் முழுசா இருக்குமா?"

பத்து வருடமாக விதையைப் பற்றி உலகத்துக்கே வகுப்பு எடுக்கிறவர்! எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாத்தனார் கத்தவில்லை. கைக்குட்டையை விரித்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் தாடியைக் கிளறி, ஒட்டியிருந்த விதை இரண்டை எடுத்தார். (இரண்டும் பிறகு முளைக்கவில்லை.) அப்புறம் கீழே கிடந்த நூலைப் பொறுக்கிக்கொண்டார்.

"நாளைக்கும் நாளன்னைக்கும் எங்கயும் போகாதீங்க," என்றார்.

"ஏன்?"

"வெளிக்குப் போறதுக்கு நான் ஒரு தனி வாளி தரேன். அதுல மட்டும்தான் போகணும்."

பண்ணையில் கழிப்பறை என்றால் பலகைக்குக் கீழே ஒரு வாளி, மேலே அள்ளிப் போட மரத்தூள். எல்லாம் எருவாகும் என்று தாடி பெருமையாக அழைத்துப்போய்க் காட்டுவார். அந்தப் பக்கமே திரும்பாத என் நாத்தனார், புது வாளி ஒன்றைக் கொதிநீரில் கழுவி, கைப்பிடியில் அந்தச் சிவப்பு நூலையே கட்டி, தாடியிடம் கொடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "என்ன சிஸ்டர், அசிங்கமா..." என்று இழுத்தார். மண்ணுக்குக் கிருமி இல்லை என்ற மகான்!

"தின்னது நீங்க. அசிங்கம் எனக்கா?" என்றார் நாத்தனார்.

திங்கட்கிழமை காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பண்ணைக் குழாய் மேடையில் வாளியை வைத்தார். நான் ரப்பர் குழாயைப் பிடிக்க வேண்டும், அவர் சல்லடையில் அலச வேண்டும். முகத்துக்கு மூன்று துணி, கைக்கு இரண்டு அடுக்கு உறை. நடந்ததை விவரமாக எழுதப் போவதில்லை. அந்த நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. நான் இரண்டு முறை குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது நாத்தனார் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "உறையில வழுக்குது. எது விதை, எது தோல்னு தெரியல," என்றார்.

பிறகு உறையைக் கழற்றினார், இரண்டையும். வெங்காயம் உரிக்கக்கூட உறை மாட்டுகிற கை அது. வெறும் விரலால் சல்லடையைத் துழாவினார். "அண்ணி, விடுங்க, வேணாம்," என்றேன். "தண்ணிய ஊத்து," என்றார். பதினான்கு விதைகள் கிடைத்தன.

வேலை அதோடு முடியவில்லை. கிருமி சாக வேண்டும், விதை சாகக் கூடாது. ஐம்பது டிகிரி, இருபத்தைந்து நிமிடம். கூடினால் விதை வெந்துவிடும், குறைந்தால் கிருமி தங்கிவிடும். எல்லாவற்றையும் சாகடிக்கிற சூடுதான் அவருக்குப் பழக்கம். இப்போது வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காமல், கரண்டி கரண்டியாகச் சுடுநீரும் பச்சைத்தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றி, இருபத்தைந்து நிமிடமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அதன் பிறகு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் தோல் உரிந்து ஒரு வாரம் களிம்பு போட்டார்.

ஐந்து முளைத்தன. ஐந்தும் காய்த்தன. அறுவடை நாளில் தாடி மறுபடி முப்பது பேரைக் கூட்டிவிட்டார். பழங்களை அரிந்து தட்டில் வைத்து, "போச்சுன்னு நெனச்சோம். இயற்கையே நமக்குத் திருப்பிக் கொடுத்துச்சு," என்று தழுதழுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டேன். நாத்தனார் முதலில் பழுத்த பழங்களிலிருந்து எடுத்த விதைப் பொட்டலங்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். விதையை அனுப்பிய பண்ணைக்கென்று கட்டிய பெரிய பொட்டலம் மேசையில் தனியாக இருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி சீட்டைச் சத்தமாகப் படித்தார். "வரித்தக்காளி. எங்கிருந்து வந்தது: பண்ணை நிறுவனர் தின்ற கடைசிப் பழம். தாய் விதை இரண்டாம் நாள் மலத்திலிருந்து அலசி எடுத்தது. ஐம்பது டிகிரி, இருபத்தைந்து நிமிடம்..."

தட்டை நோக்கி நீண்ட கைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒருவர் வாயில் போட்டதைக் கீழே துப்பினார். தாடி முகம் செத்துவிட்டது. "சிஸ்டர், கொஞ்சம் நாசூக்கா எழுதியிருக்கலாமே," என்றார் மெதுவாக.

"சீட்டுல பொய் எழுதி எனக்குப் பழக்கமில்ல. நான் சிஸ்டரும் இல்ல."

தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். வேகாத தக்காளி. முகத்தைச் சுளிக்காமல் மென்று விழுங்கினார். "சூடு பாத்து எடுத்த விதை. இந்தப் பண்ணையில இதைவிடச் சுத்தமானது ஒண்ணும் கிடையாது," என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு இன்னொரு துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன். அவர் துண்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"களை பிடுங்குன கைதானே அது? போய்க் கழுவிட்டு வா."