அவித்த முட்டையிட்ட கோழி

கனடாவில், தமிழ்ச் சனம் நிறைந்த சென் ஜேம்ஸ் ரவுணில் சந்திரவதனா இருந்த கட்டடத்து லிப்டுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பதினெட்டாம் மாடிக்கு ஏறிச் சேருவதற்குள் ஆளையாள் பார்த்து அலுத்துப்போவார்கள். அந்த அலுப்பில்தான் சந்திரவதனாவின் வாசகர்கள் உருவானார்கள்.

காலை ஆறு மணிக்கு பிஸ்கட் பொதி செய்யும் பக்டரி. இரண்டரைக்கு வேலை முடிந்ததும் நேரே நூலகம். அங்கே இன்டர்நெட் பார்க்க ஆளுக்கு அரை மணித்தியாலம் தருவார்கள். மற்றவர்கள் ஊர்ச் செய்தி தேட, இவள் உலகத்து விநோதங்களைத் தேடுவாள். ஒக்டோபசுக்கு மூன்று இதயம். வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருசத்தைவிட ஒரு நாள் நீளம். கண்டதையெல்லாம் கொப்பியில் குறித்துவந்து, தடித்த மார்க்கரால் தமிழில் எழுதி, வெள்ளிக்கிழமைகளில் லிப்டுக்குள் ஒட்டிவிடுவாள். பெயர் போடமாட்டாள். சனம் வாய்விட்டு வாசிக்கும்போது ஒன்றும் அறியாதவள் போல மூலையில் நிற்பாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துபோகும். பக்கத்து வீட்டு யூஜினிக்கு மட்டுந்தான் விசயம் தெரியும்.

1998 ஏப்ரலில்தான் வகையாக மாட்டிக்கொண்டாள். வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் வளர்வதால் அவித்த முட்டையே இடும் கோழி! படமும் இருந்தது. அரை மணித்தியாலம் முடியப்போகிற அந்தரத்தில், பக்கத்தின் அடியில் கிடந்த திகதியைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். ஏப்ரல் முதலாம் திகதி.

கட்டடம் முழுக்கச் சிரிப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பதினாலாம் மாடி அமிர்தநாதர் லிப்டுக்குள் நின்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"உதை எழுதுறது ஆரோ ஒரு புளுகு மூட்டை. முந்தி ஒட்டினதுகளும் உப்பிடித்தான் இருக்கும்."

ஒரு வருசமாகப் பொறுக்கிச் சேர்த்த அத்தனை மெய்யும் ஒரு கோழியோடு போவதா? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, தன் மேல்தான்.

"பேசாமல் விடுமப்பா. ஆர் எழுதினதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள் யூஜினி.

"அதுதான் பிழை. பேரில்லாட்டி ஆர் நம்புவினம்?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஒட்டிய தாளில் இப்படி இருந்தது: 'கோழி பொய். திகதி பார்க்காதது என் பிழை. மற்றவை மெய். எங்கே கண்டேன் என்று கொப்பியில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். சந்திரவதனா, கதவு 1807.'

அதன்பிறகு லிப்டுக்குள் கால் வைக்கவே கூசியது. "அவிச்ச முட்டை இருக்கோ அக்கா?" என்று கண்டவர்களெல்லாம் கேட்டார்கள். கொப்பி பார்க்க ஒருவரும் வரவில்லை.

இரண்டு வாரம் கழிந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அமிர்தநாதர். கையில் மடித்த கடதாசி.

"மார்க்கம் ரவுணில இருக்கிற மருமோன் தந்தவன். கம்ப்யூட்டரில வந்ததாம். இந்த இலையை அவிச்சுக் குடிச்சால் சீனி வருத்தத்துக்குக் குளிசையே தேவையில்லையாம். உது மெய்யோ பிள்ளை?"

"குளிசையை விட்டிட்டியளோ அண்ணை?"

"இன்னும் இல்லை. உம்மட்டைக் கேட்டிட்டு விடுவமெண்டு வந்தனான்."

"நான் புளுகு மூட்டையல்லோ?" விடுவாளா அவள்.

அமிர்தநாதர் கடதாசியைப் பார்த்தபடியே சொன்னார்: "எத்தினையோ பேர் இதை அனுப்பியிருக்கினம். ஒருத்தரும் தன்ர கதவு நம்பரைப் போடேல்லை."

சந்திரவதனா கடதாசியை வாங்கிக்கொண்டாள். "குளிசையை விடாதையுங்கோ. திங்கட்கிழமை பார்த்துச் சொல்லுறன்."

கனடாவுக்கு வந்த பத்து வருசத்தில் ஒருவர் அவளைத் தேடி வந்து மெய் எது என்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, யூஜினி வீட்டை ஒட்டிய சுவரில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.