நந்தியின் அறுபட்ட காது

எங்கள் ஃபிளாட்டின் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை பட்டாலே எனக்குக் கோபம் தலைக்கேறும்.

குத்தாலம் பக்கத்து எங்கள் ஊர்ச் சிவன் கோயில் நந்திக்கு அப்போது இடது காது கிடையாது. ராத்திரியில் எழுந்துபோய் நெல்லை மேய்ந்ததாம். காவல்காரன் அரிவாளை வீச, காது போனதாம். அதனால் அறுப்பின் முதல் கதிர்க்கட்டை அதன் வாயருகே வைத்து, "இதோட நிறுத்திக்கடா, ராசா" என்று கெஞ்சிவிட்டுத்தான் மற்றதைக் களத்துக்குக் கொண்டுபோவார்கள். வௌவால் நாற்றமும் எண்ணெய்ப் பிசுக்குமான அந்த இருட்டுக்குள் விடிந்ததும் ஓடி, நந்தியின் வாயில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று விரல் விட்டுத் துழாவிய மகா புத்திசாலி நான்.

போன வருஷம் மகளைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் இந்தக் கதைதான். உள்ளே, சிமெண்டுக் காதும் தங்கப் பெயிண்ட்டுமாக நந்தி மினுமினுத்தது.

"ரெண்டு காதும் இருக்கேப்பா. புளுகு!" என்று சிரித்தாள்.

திருப்பணிக் கமிட்டிக்காரரிடம் எகிறினேன்.

"மூளியா இருந்தா நல்லாவா இருக்கு, தம்பி? துபாய்ல இருக்க நம்ம பசங்க செஞ்சு குடுத்தது."

"முதல் கதிராவது வைக்கிறீங்களாங்க?"

"வயலத்தான் ப்ளாட்டு போட்டாச்சே!"

அந்தக் காதைத் திருகிப் பிடுங்கக் கை பரபரத்தது. பிடுங்கினாலும் அது எங்கே போய் மேயும்?