சிலாபத்து மின்சார நூதனசாலையில்

சிலாபம் ஆஸ்பத்திரியில் என் கணவருக்குக் கை கிளினிக். மாம்புரியிலிருந்து விடியவே புறப்பட்டதால் பத்து மணிக்கே அலுவல் முடிந்துவிட்டது. வரும் வழியில் ஒரு பலகை கண்டேன். பழைய தேங்காயெண்ணெய் ஆலையொன்றில் அந்தக்கால மெஷின்களைக் காட்சிக்கு வைத்து மின்சார நூதனசாலையாக்கியிருந்தார்கள்.

"கொஞ்சம் பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வயரிங் வேலை செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் வேலை செய்யும்போது கரண்ட் அடித்தது. கூட நின்ற கூட்டாளி அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டார். இவருடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இப்போது வெங்காயத் தோட்டத்தில் வேலை. வீட்டில் பல்ப் மாற்றுவதுகூட நான்தான்.

"ஓம், போவம்" என்றார்.

உள்ளே எங்களைத் தவிர யாருமில்லை. சுற்றிக்காட்டியவள் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழும் நன்றாகக் கதைத்தாள். மரமேடையில் பழைய ஜெனரேட்டர், அதன் ஆளுயரச் சக்கரம், பளிங்குப் பலகையில் செம்புச் சுவிட்சுகள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றிலிருந்தும் விலகியே நடந்தார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. வெளியே கூட்டிப்போய்விடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டுப் பாருங்க நானா, இது இப்ப வேல செய்யாது" என்று அந்தப் பிள்ளை அவரை அண்ணன் முறையில் அழைத்துச் சக்கரத்துப் பக்கம் கை நீட்டினாள்.

"எபா!" வேண்டாமென்று சிங்களத்தில் கத்தினார். அவள் கை அந்தரத்தில் நின்றது.

கண்காட்சி விளக்குக்குப் போன வயர் ஜெனரேட்டரின் அடியில் நசுங்கிக் கிடந்தது. உறை பிய்ந்து, உள்ளே இருந்த செம்பு இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது.

"நேத்தும் தொட்டேனே..."

"நேத்து இது பிய்யாம ஈந்திருக்கும். டெஸ்டர் ஈக்குதா?"

மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "நீங்க வேணாம். ஆரையாவது கூப்பிடுவம்."

அந்நேரம் வாசலில் பாடசாலை பஸ் ஒன்று வந்து நின்றது. பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

இடது கையால் டெஸ்டரைச் சக்கரத்தில் வைத்தார். சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"மெயின் எங்க?"

கதவுக்குப் பின்னால் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து, அதன் முன்னால் அசையாமல் நின்றார். எனக்குக் கலிமா மட்டும்தான் வாயில் வந்தது. டக்கென்ற சத்தம். கூடம் இருண்டது.

அந்தப் பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய்க் கதவை அடைத்தாள். பிறகு நிலத்தில் குந்திக்கொண்டு அழுதாள்.

இவர் மரமேடையின் படியில் வந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கும் இப்படித்தான் ஒரு வயர்" என்றார். "நான் கண்டனான். சாப்பிட்டு வந்து பாப்பம் எண்டு விட்டுட்டன்."

இரண்டு வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். யன்னலுக்கு வெளியே மரநிழலில் நின்ற பிள்ளைகள் ஏன் கதவு பூட்டிக்கிடக்கிறதென்று ஆசிரியையை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.